ஐம்பது முட்டைக்கு ஒரு சராசரி

செங்கோடனுக்கு அறிவு ஜாஸ்தி. அதில் அவருக்கே சந்தேகம் கிடையாது. அடைக்கு உட்கார்ந்த கோழியை விரட்டிவிட்டு, ஐம்பது முட்டையைப் பொரிப்புப் பெட்டியில் அடுக்கினார். "இருபத்தொரு நாள்ல ஒரு குஞ்சாவது பொரியலைன்னா மீசையை எடுத்துடறேன்" என்று பெண்டாட்டி பாவாயியிடம் சபதம் வேறு.

பெட்டிக்குள் இடக்கோடி, நடு, வலக்கோடி எனச் சூடு பார்க்க மூன்று சென்சார். மூன்றையும் மாற்றி மாற்றிப் படிக்க ஒரே ஒரு மின்னணுச் சில்லு. அதைச் செய்துகொடுத்த விமலா போனில் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, ஒரு சென்சாரை விட்டு அடுத்ததுக்குப் போனதும் வர்ற முதல் அளவுல பழசோட மிச்சம் ஒட்டியிருக்கும். நம்பாதீங்க. முதலாவதைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த பத்தை எடுத்துச் சராசரி போடுங்க. முப்பத்தேழரை டிகிரி இருக்கணும்."

மச்சான் நாச்சிமுத்து முதல் அளவைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஜன்னல் வழியே தூக்கிப் போட்டார். பங்காளி வேலப்பன் யோசனையில் ஆழ்ந்தார்.

"முதலாவது போயிடுச்சு. இப்ப முதலாவது எது?"

"ரெண்டாவதுதான்."

"அப்ப அதையுமில்ல போடணும்?"

நியாயம்தானே! பொழுது சாய்வதற்குள் வாசல் பூரா சீட்டு. உள்ளே ஓர் அளவும் மிச்சமில்லை. செங்கோடனின் மீசை துடித்தது, பயத்தில். கடைசியில் அவரே வழி கண்டார். வேலப்பன் வாசலில் உட்கார்ந்து, போட்ட சீட்டிடம் "நீதான் முதலாவது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டு மறந்துவிடக் கூடாதல்லவா?

அடுத்தது சராசரி.

"ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனியாவா, மச்சான்?"

"மூணும் ஒரே பெட்டிக்குள்ள குடியிருக்கு. பிரிச்சுப் பாக்கிறது பாவம்" என்றார் செங்கோடன்.

இடக்கோடி இருபத்தைந்து, நடு முப்பத்தேழரை, பல்பு எரியும் வலக்கோடி ஐம்பது. கூட்டி வகுத்தால் கனகச்சிதமாக முப்பத்தேழரை! இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வலப்பக்க முட்டைகள் வெந்தன, இடப்பக்க முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. சராசரிக்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

இருபத்தொன்றாம் நாள் காலை, நட்டநடுவில் ஒரே ஒரு முட்டை விரிசல் விட்டு, ஈரக்குஞ்சு ஒன்று "கீச்" என்றது. செங்கோடனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மீசை பிழைத்தது! ஆசையாய்க் கையில் எடுத்தார்.

நாச்சிமுத்து அவர் தோளைத் தொட்டார். "மச்சான், இது முதலாவது."

செங்கோடனின் முகம் செத்துப்போனது.

சற்று நேரத்தில் பாவாயி சவரக்கத்தியோடு வந்து நின்றாள். "ஒண்ணாவது பொரிஞ்சுதா?"

"ஒண்ணு வந்துச்சு. நம்பிடுவோமா நாங்க? வாசல்ல விட்டுட்டோம். அடுத்த பத்து வரட்டும், சராசரி போட்டுச் சொல்றோம்" என்றார் செங்கோடன்.

பாவாயி சோப்பைக் குழைக்க ஆரம்பித்தாள்.

வாசலில், விரட்டப்பட்ட கோழி அந்தக் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேலப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இறக்கையை லேசாகத் தூக்கித் தூக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நீதான் முதலாவது. நீதான் முதலாவது."