முதலாளியை எழுப்பிய போன்

ஒரு தீவு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த செல்போன் கம்பெனி முதலாளி தாண்டவராயனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "அங்கே எல்லார் பையிலும் போன் ஓயாமல் அடிக்குதய்யா! சொத்தை அடகு வைத்தாவது அங்கே டவர் போடுவோம்" என்று டைரக்டர்களிடம் முழங்கினார்.

பெட்டியை வைக்க வந்த டிரைவர் சங்கிலி தலையைச் சொறிந்தான். "அடிக்குது, சரிங்கய்யா. யாராச்சும் எடுக்கிறாங்களா?"

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது. "எடுத்துப் பேசாமல் விஷயம் எப்படிடா போகும்? ஒரு வார்த்தை பேசாமல் என்னை இந்த நாற்காலியை விட்டு எழுப்பு பார்ப்போம். எழுப்பிட்டா திட்டத்தையே கிழிச்சுப் போடுறேன்!"

"சரிங்கய்யா" என்று சங்கிலி கீழே போய்விட்டான். முதலாளி விட்ட இடத்திலிருந்து முழங்கிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் போன் இரண்டு தடவை அடித்து நின்றது.

"கார் வந்துடுச்சு" என்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார் தாண்டவராயன்.

எழுந்த பிறகுதான் டைரக்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தார். வாசலில் காரை நிறுத்தியதும் சங்கிலி தினமும் கொடுக்கிற மிஸ்டு கால் அது. சங்கிலி போனில் இருப்பதும் அவர் கம்பெனி சிம்தான். ஆனால் எடுக்காத அந்தக் கால்களால் கம்பெனிக்கு ஒரு பைசா வந்ததில்லை.

சொன்னபடி திட்டத்தைக் கிழித்தார். இப்போது எந்த நாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும் முதலாளி முதலில் கேட்பது இதைத்தான்: "அடிக்குது சரி, எடுக்கிறாங்களா?"