காலையில் போட்ட கையுறை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். மேனேஜர் ஒருத்தர் வாய் சம்பந்தப்பட்ட கதை, உரக்கச் சொல்ல முடியாது.

தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி செட்டு. அங்கே எந்த டிரைவரும் சாவி வாங்குமுன் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பஞ்சுக்குச்சியால் எச்சில் எடுத்துச் சோதனைப் பட்டையில் தொட்டால், ஆள் கஞ்சா கிஞ்சா போட்டிருக்கிறானா என்று பட்டை சொல்லிவிடும்.

இந்த வேலைக்குக் குரு ஜுலைஹா. நர்ஸுப் பிள்ளை, போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனவள். சீடர் ஞானதிரவியம் அண்ணாச்சி. பேரன் பேத்தி எடுத்தவர். கேட்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தவருக்கு முழங்கால் வலி வர, இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

விடிந்ததும் சீடர் கேட்டார்:

"ஏ தாயி, ஆளுக்கு ஒரு கையுறை மாத்தணுமாக்கும்? ஆளுதான மாறுதான், கை என் கைதான?"

குரு புது உறை ஒரு ஜோடி எடுத்து நீட்டினாள்.

"போட்டிருக்கேனே."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

அண்ணாச்சி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளைக்கு வேலை தெரியும், சிக்கனம் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

குரு பட்டை எடுத்துவர ஸ்டோருக்குப் போனாள்.

அண்ணாச்சிக்கு உறை மேல் ஒரு மோகம். போட்டால் டாக்டர் மாதிரி இருக்கிறதே. அதோடேயே காது குடைந்தார். அதோடேயே டீ குடித்தார். கிளீனர் ஒருத்தன் மடி புடைத்துக்கொண்டு நிற்க, அதோடேயே துழாவினார். பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்து, விரலால் நசுக்கி, முகர்ந்து பார்த்து, "கஞ்சாதாம்லே!" என்று கூவினார்.

செட்டே கைதட்டியது. கிளீனரை வெளியே அனுப்பினார்கள்.

அடுத்து வந்து உட்கார்ந்தவர் மாசானம். பீடி வாடைகூட ஆகாத டிரைவர்.

அண்ணாச்சி குச்சியை எடுத்தார். பஞ்சு பொதுபொதுவென்று இருந்தது. விளக்குத் திரி திரிக்கிற மாதிரி விரலால் நன்றாகத் திரித்து, வாய்க்குள் விட்டார். திரிப்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

பட்டை ஆமாம் என்றது.

மேனேஜர் சபாபதி வந்தார். மாசானத்தின் லாரிச் சாவியை வாங்கித் தகர டப்பாவில் போட்டார். டப்பாவுக்குள் சாவி போனால், வேலை போச்சு என்று அர்த்தம்.

"ஐயா, பாக்குகூடப் போடமாட்டேன்யா. இந்தப் பேரு வந்துட்டா எந்த செட்டுல என்னைச் சேர்ப்பான்?"

"பட்டை பொய் சொல்லுமா?"

"அண்ணாச்சி, நீராவது சொல்லும் வே!"

"நான் என்னத்தச் சொல்ல? இந்தா பாரு, காலையில போட்ட உறை, இன்னும் கழட்டவே இல்ல. என் கையில ஒரு தூசி பட்டிருக்குமா?"

குரு திரும்பி வந்தாள். பட்டையைப் பார்த்தாள். மாசானத்தைப் பார்த்தாள். அண்ணாச்சியின் விரல் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், டிரைவர்மாரு முணங்குதாங்க. அவங்களுக்கு நம்பிக்கை வரணும். நீங்க ஒரு தடவை உக்காருங்களேன்."

"தாராளமா! காப்பிகூடத் தொடாதவன் நான்." எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்களே எடுங்க. எப்பவும் எடுக்க மாதிரியே எடுங்க."

அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. மேனேஜர் வாய் என்பதால் இன்னும் ரெண்டு திரிப்பு சேர்த்துத் திரித்தார்.

பட்டை ஆமாம் என்றது.

பின்னாலிருந்து யாரோ, "சார், கார் சாவி," என்றான்.

மேசை மேல் கிடந்த கார் சாவியைக் குருவே எடுத்து டப்பாவில் போட்டாள்.

"ஏம்மா, நான் விரதக்காரன்மா!"

"பட்டை பொய் சொல்லுமா சார்?" என்றார் மாசானம்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாயி, இவருமா? பின்ன யாரைத்தான் நம்ப?"

"உங்கள நம்பலாம்லா. உங்களுக்கு எடுங்க."

"எனக்கு நானேவா?"

"நீங்களேதான்."

அண்ணாச்சி குச்சியை எடுத்தார். திரித்தார். வாயைத் திறந்தார். மீசைக்குக் கிட்டே போன கை அப்படியே நின்றது.

முகர்ந்து பார்த்தார். பொட்டலத்து வாடை. கொஞ்சம் டீ. கொஞ்சம் காது.

விரலைப் பார்த்தார். மாசானத்தின் வாயைப் பார்த்தார். மேனேஜரின் வாயைப் பார்த்தார்.

மேனேஜரும் அந்த விரலைப் பார்த்தார். பார்த்ததும் குழாயடிக்கு ஓடினார்.

அண்ணாச்சி உறையை உள்புறம் வெளியே வரும்படி உரித்துக் குப்பைக்கூடையில் போட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். பெட்டியிலிருந்து புது ஜோடி மாட்டினார். மாசானம் நன்றாக வாய் கொப்பளித்து, சற்றுப் பொறுத்து வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி குச்சியின் அடியைப் பிடித்தார். பஞ்சைத் தொடவே இல்லை.

பட்டை இல்லை என்றது.

குரு டப்பாவைத் திறந்து மாசானத்தின் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மாசானம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியைப் பார்க்க நடந்தார்.

"மாசானம், கோவிக்காதேடே," என்றார் அண்ணாச்சி. சொல்லும்போதே அந்த உறையையும் கழட்டிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் முகமெல்லாம் தண்ணீர் வடிய வந்து, டப்பாவுக்குள் கையை விடப் போனார்.

குரு டப்பாவை மூடி, சோதனைக்கு நின்ற டிரைவர் வரிசையின் கடைசியைக் காட்டினாள்.