தண்டபாணியின் நாற்பது எழுத்து

கோயம்புத்தூரில் வலம்புரி என்று ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி தண்டபாணிக்கு அந்தப் பெயர்மேல் அப்படியொரு பெருமை. எல்லோருடைய பாஸ்வேர்டும் ஆங்கிலத்தில் 'வலம்புரி' என்றுதான் தொடங்க வேண்டும், பின்னால் அவரவர் இஷ்டம் என்று உத்தரவே போட்டிருந்தார்.

பயிற்சிக்கு வந்த பேச்சியம்மாள் ஒருநாள் மீட்டிங்கில் எழுந்து நின்றாள். "சார், பாஸ்வேர்டைப் பூட்டிவெச்சு சரிபார்க்கிற நம்ம சி லைப்ரரி ஃபங்ஷன், அந்தக் குட்டி புரோகிராம், ரொம்பப் பழசு. தூக்கிடலாம்."

"இருபது வருஷமா ஓடுதும்மா அது! என் பாஸ்வேர்டு நாற்பது எழுத்து. எங்கே, என் கணக்கைத் திற பார்ப்போம். முடியலேன்னா நாளையிலிருந்து வராதே."

பேச்சி அவர் பெயரைப் போட்டு, மளமளவென்று ஏதோ தட்டினாள். எல்லோர் முன்னாலும் கணக்கு திறந்துகொண்டது.

தண்டபாணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். "என் பாஸ்வேர்டை உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். அந்த ஃபங்ஷன் முதல் எட்டு எழுத்தைத்தான் பார்க்கும், மிச்சத்தைக் கண்டுக்காது. இங்கிலீஷ்ல வலம்புரிக்கே ஒன்பது எழுத்து. அதுக்குப் பின்னால யார் என்ன அடிச்சாலும் திறக்கும்."

"சரி, நீ என்ன அடிச்சே?"

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"வலம்புரி, அப்புறம் 'பேச்சி சொன்னா கேளுங்க'."