அங்காயி கடையில் முதல் வாய்

ஒரு காட்டில் ஒரு மளிகைக் கடை இருந்தது. காட்டில் எதற்கு மளிகைக் கடை என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. முயலுக்கும் உப்பு வேண்டும், மானுக்கும் உப்பு வேண்டும். அது கிடைப்பதோ சிறுத்தை குடியிருக்கும் மலை உச்சியில். அங்கே போய் யார் கேட்பது?

அதனால்தான் அந்தக் கடை. ஓடைக்கரையில் நின்ற பெரிய மருத மரத்தின் பொந்தில் அதை நடத்தி வந்தது அங்காயி என்ற முள்ளம்பன்றி. கரடி தேனடை கொண்டு வரும், சிறுத்தை பாறை உப்பு கொண்டு வரும், முயல் கிழங்கு கொண்டு வரும். கொண்டு வந்ததைக் கொடுத்துவிட்டு வேண்டியதை வாங்கிப் போவார்கள்.

"சிறுத்தையும் முயலும் ஒரே கடைக்கா?" என்று உங்களுக்குத் தோன்றுமே! தோன்றினால் நீங்கள் கெட்டிக்காரர்கள்தான். அங்காயியும் கடை திறந்த அன்றே அதை யோசித்துவிட்டது. கடை வாசலில் ஒரு களிமண் குழி வெட்டி வைத்திருந்தது. நகம் உள்ளவர்கள் அதில் காலை அமுக்கி, நகம் மறையக் களிமண்ணைப் பூசிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். கொம்பு உள்ளவர்கள் கொம்பு நுனியில் வாழைத்தண்டைச் செருகிக்கொள்ள வேண்டும். கடைக்காரியும் தன் முட்களைப் படிய வைத்துக்கொண்டுதான் வியாபாரம் பார்க்க வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் முள் நிமிரக் கூடாது. அங்காயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கு இது லேசான காரியமாக இருக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. முன்பொரு நாள் காட்டுப்பன்றி எங்கிருந்தோ காளான் கொண்டு வந்து போட, அதைத் தின்ற பாதிக் காடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அன்றிலிருந்து, புதுச் சரக்கு எதுவானாலும் கொண்டு வந்தவரே எல்லார் முன்னிலையிலும் முதல் வாய் உண்டு காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை.

இப்படி நன்றாக நடந்துகொண்டிருந்த கடைக்கு ஒரு கோடையில் கஷ்டகாலம் வந்தது. காட்டின் நடுவே ஓடிய ஆற்றுக்கு அந்தப் பக்கம் உடும்பு ஒன்று கடை போட்டது. அங்கே களிமண் குழி கிடையாது, வாழைத்தண்டு கிடையாது. ஆனால் கள் இருந்தது. பானை பானையாகப் பனங்கள்!

கரடி தேனடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. சிறுத்தை உப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. அங்காயி கடையில் உப்புக் கூடை காலியானது. தினையில் வண்டு விழுந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து ஈ ஓட்டியதுதான் மிச்சம்.

ஒரு காலையில் நரி வந்தது. அது கடைக்கு அடிக்கடி வரும். ஊர் வம்பு கேட்டுக்கொண்டு போகுமே ஒழிய, ஒரு பிடி சரக்கு கொண்டு வந்து போட்டதாகச் சரித்திரமே இல்லை.

"என்னக்கா, கடை இப்படிக் காத்து வாங்குது?" என்றது நரி.

"பார்த்தா தெரியலையா? வந்த விஷயத்தைச் சொல்லு தம்பி."

"உங்க நல்லதுக்குத்தான் வந்தேன். ஒரு மூலையில ரெண்டு பானை கள்ளு வைங்க. மரநாயை விட்டு இறக்கி நான் கொண்டாந்து தர்றேன். போனவங்க எல்லாம் ஓடி வந்துடுவாங்க."

அங்காயியின் முதுகில் முள் அசைந்தது. சட்டென்று படிய வைத்துக்கொண்டது. "மளிகை விக்கிற எடத்துல கள்ளா? குட்டிங்க வந்து போற கடை இது."

நரி குரலைத் தேன் போலாக்கிக்கொண்டது. "நீங்க வேண்டாம்னா அவங்க குடிக்காம இருக்கப் போறாங்களா? குடிக்கிறவங்க குடிக்கத்தான் போறாங்க. அங்க போனா கேக்க நாதி இல்லை. இங்கன்னா களிமண் குழி இருக்கு, நீங்க இருக்கீங்க. நல்லவங்க வித்தா நல்லபடியா குடிப்பாங்கக்கா. யோசிச்சுப் பாருங்க. கடையே இல்லாமப் போயிட்டா அந்தக் குட்டிங்க உப்புக்கு எங்க போகும்?"

அந்தக் கடைசிப் பேச்சு அங்காயியின் நெஞ்சில் தைத்தது. நரி சொன்னதில் என்ன தப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்று மட்டும் தெரிந்தது. "நாளைக்குச் சொல்றேன், போ" என்று அனுப்பிவிட்டுக் காலிக் கூடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டே பானை. ஒரே ஒரு மூலை. கடை பிழைத்துவிடும். உண்மையைச் சொன்னால், குழந்தைகளே, அங்காயிக்குப் பாதி மனசு வந்துவிட்டது.

அப்போது முயல் வந்தது. அதன் ஒரு காது மடங்கித் தொங்கியது.

"என்னடி இது கோலம்?" என்று பதறியது அங்காயி.

"உங்க கடையில உப்பு இல்லையேன்னு ஆத்துக்கு அந்தப் பக்கம் போனேன்க்கா. கரடி குடிச்சுட்டுத் தள்ளாடி வந்து என் காது மேலயே உக்காந்துடுச்சு. எழுந்திரின்னு கத்துறேன், அது பாட்டுப் பாடுது!"

அங்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. "பாவி! மத்தவங்க யாரும் தூக்கி விடலையா?"

"யார் தூக்குறது? சிறுத்தை ஒரு பக்கம் குப்புறக் கிடக்குது, பன்னி ஒரு பக்கம் கிடக்குது. நரி ஒண்ணுதான் தெளிவா இருந்துச்சு. அதுதான் குடிக்கவே குடிக்காதே. உசரத்துல பாறை மேல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கும். எல்லாரும் சாய்ஞ்சப்புறம் மெதுவா இறங்கி வரும்."

"குடிக்கவே குடிக்காதா?"

"ஒரு சொட்டு தொடாது."

முயல் போனதும், கடையில் யாரும் இல்லையே என்று அங்காயி முட்களை எல்லாம் ஒரு முறை நன்றாக நிமிர்த்தி, சடசடவென்று உதறிக்கொண்டது. மனசு தெளிந்துவிட்டது.

மறுநாள் நரி வந்ததும், "சரி தம்பி, கொண்டா பார்க்கலாம்" என்றது அங்காயி. "ஆனா இந்தக் கடை வழக்கம் எதையும் மாத்த மாட்டேன். சம்மதமா?"

"உங்க வழக்கத்தை மாத்தச் சொல்ல நான் யாரு? எல்லாம் சம்மதம்!" என்றது நரி. களிமண் குழியைத்தான் சொல்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. சரக்கே கொண்டு வராதவனுக்கு முதல் வாய் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

நரி காடு முழுக்கத் தம்பட்டம் அடித்தது. "அங்காயி கடையில கள்ளு! என் சரக்கு! என் சொந்தச் சரக்கு!" சொன்ன நாளில், வெயில் ஏறும் முன்பே கடை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. சிறுத்தை முணுமுணுத்துக்கொண்டே களிமண்ணில் கால்களை அமுக்கியது. கரடி இரண்டு கையையும் தோள் வரை பூசிக்கொண்டு வந்து நின்றது, அதற்கு எதிலும் நிதானம் கிடையாது. முயலும் மான்களும் ஓரமாக நின்றன. அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இருந்த ஒரு கடையும் போயிற்றே என்ற கவலை அவர்களுக்கு.

மரநாய் பானைகளை இறக்கி வைத்தது. நுரை பொங்கி வழிந்தது. நரி ஓலைப் பட்டையை எடுத்து, கள்ளை மொண்டு, சிறுத்தைக்கு நீட்டப் போனது.

"நில்லு தம்பி" என்றது அங்காயி. "சரக்கு யாருது?"

"இதென்ன கேள்வி? என்னுதுதான்!"

"அப்ப முதல் வாய் உன்னுது. குடி."

நரியின் கை அப்படியே நின்றது. பிறகு அது சிரித்துப் பார்த்தது. "நம்ம கடைதானேக்கா, எனக்கெதுக்கு? முதல்ல பெரியவங்க குடிக்கட்டும்."

"தேன் கொண்டாந்த அன்னிக்கு நான் முதல் வாய் தின்னேன்" என்றது கரடி பெருமையாக. அன்றைக்கு அது முதல் வாயோடு நிறுத்தாமல் பாதிக் கூடையைத் தின்றது வேறு கதை.

"உப்புக் கொண்டாந்த அன்னிக்கு நானும் நக்கினேன்" என்றது சிறுத்தை. "சீக்கிரம் குடிச்சுட்டுக் குடு. தாகமா இருக்கு."

"எனக்கு இன்னிக்கு விரதம்" என்றது நரி.

"அப்ப நாளைக்கு விப்போம். பானை எங்க போயிடப் போகுது?" என்றது அங்காயி.

"நாளைக்கா!" என்று கூட்டம் கத்தியது.

"இல்ல, தொண்டை கரகரங்குது... இந்த மரநாய் குடிக்கட்டுமே, அவன்தானே ஏறி இறக்கினான்?"

"மரம் ஏறினது அவன். சரக்கு உன்னுதுன்னு காடு பூராக் கத்தினது நீ. குடி தம்பி. ஒரே ஒரு பட்டை. நல்ல சரக்குத்தானே?"

"நல்ல சரக்குதான்! உடம்புக்குக் குளிர்ச்சி!"

"அப்ப குடி."

பின்னால் பானை, முன்னால் சிறுத்தை. நரி அங்குமிங்கும் பார்த்தது. எல்லாக் கண்ணும் அதன் வாயையே பார்த்தன. பட்டையை உதடு வரை கொண்டு போனது, வாடை மூக்கில் ஏறியதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே இறக்கியது. பொறுமை போய்விட்டது.

"விளையாடுறீங்களா? நான் எப்படிக் குடிக்கிறது? எனக்குப் புத்தி தெளிவா இருக்க வேணாமா?" என்று கத்திவிட்டது.



அங்காயி பொந்திலிருந்து இறங்கி நடுவில் வந்து நின்றது. "அப்படியா தம்பி? அப்ப இவங்களுக்குப் புத்தி வேணாமா?"

சிறுத்தையின் மீசை மெல்லத் துடித்தது.

கரடிக்கு எதுவும் தாமதமாகத்தான் விளங்கும். விளங்க ஆரம்பித்தால் நிற்காது. "நான் குடிச்ச அன்னிக்கெல்லாம் என் தேனடை காணாமப் போகுது" என்று அது மெதுவாக இழுத்தது. "தூக்கக் கலக்கத்துல நானே தின்னிருப்பேன்னு நினைச்சேன். ஆனா நீ குடிக்கவே இல்லை. ஒரு நாளும் குடிக்கலை. பாறை மேல உக்காந்திருந்த. ஏ நரி, என் தேன் எங்கடா?"

"என் உப்பு எங்கே?" என்று உறுமியது சிறுத்தை.

"என்னை என்னன்னு நினைச்ச? புத்தி தேவையில்லாதவன்னா?" என்று அதுவே மறுபடி கேட்டது.

சிறுத்தை காலை ஓங்கி ஒரே அறை விட்டது. நரியின் ஆயுள் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் நகம் எல்லாம் களிமண்ணுக்குள் அல்லவா இருந்தது? பளார் என்று விழுந்தது களிமண்தான். நரியின் முகம், மூக்கு, வாய் எல்லாம் சேறு அப்பிக்கொண்டது. அது அந்தக் களிமண்ணாலேயே உயிர் தப்பி, கண் தெரியாமல் மரத்தில் ஒரு முட்டு, புதரில் ஒரு முட்டு என்று முட்டிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி, காட்டையே தாண்டி ஓடிப் போனது.

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. முயல் குட்டிகள் துள்ளின. கரடியும் சிறுத்தையும் ஆளுக்கொரு பானையைக் கவிழ்த்து உடைத்தன. கொட்டிய கள்ளைக் குடித்த எறும்புகள் அன்று முழுவதும் வரிசை தப்பித் திரிந்தன. அதைப் பார்த்து, "நாமளும் இப்படித்தான் நடந்திருப்போமா?" என்று சிறுத்தை வெட்கத்தோடு கேட்டது. "இதைவிட மோசமா" என்றது முயல், மடங்கிய காதைத் தடவிக்கொண்டு. கரடி அந்தக் காதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதது. எழுந்து போய், தன் கடைசித் தேனடையைக் கொண்டு வந்து முயலின் முன்னால் வைத்தது.

மரநாய் மட்டும் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. "என் பொழைப்பு போச்சேக்கா. எனக்குப் பனை ஏறத்தானே தெரியும்?"

அங்காயி புதுப் பானைகளை எடுத்தது. உள்ளே நத்தை ஓட்டுச் சுண்ணாம்பைக் குழைத்து நன்றாகப் பூசியது. "இதைக் கட்டி இறக்கு. சுண்ணாம்பு பூசின பானையில பாளைச்சாறு புளிக்காது, பதநீராத்தான் இறங்கும். குட்டிங்களும் குடிக்கலாம்."

மறுநாள் காலையில் மரநாய் பதநீரோடு வந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே பட்டையில் மொண்டு, எல்லார் முன்னாலும் மடமடவென்று முதல் வாய் குடித்து, நாக்கைச் சப்புக் கொட்டியது. "இன்னொரு வாய் குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டது.

கடை அதிரச் சிரித்தது. உப்பும் தேனும் திரும்பி வந்து கூடைகள் நிறைந்தன. வரிசை மருத மரத்தடியிலிருந்து ஆற்றங்கரை வரை நீண்டது. ஆள் வராத கடையில் என்ன செய்வது என்று தெரியாமல் உடும்பும் தன் கடையை மூடிவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு அந்த வரிசையின் கடைசியில் வந்து நின்றது. வாசலில் காலைக் களிமண்ணில் அமுக்கிய சிறுத்தை, "குட்டிங்களை வச்சுக்கிட்டு எதுக்குக் காத்திருக்க? நீ முதல்ல வாங்கு" என்று முயலுக்கு வழி விட்டது.

அங்காயிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முதுகு முழுக்க முள் நிமிரப் பார்த்தது. கடையாயிற்றே என்று படிய வைத்துக்கொண்டு, முயலுக்கு உப்பு அள்ளிப் போட்டது.

நீதி: தன் வாயில் வைக்க அஞ்சும் பொருளைப் பிறருக்கு விற்க வருபவனை நம்பாதே.