மாப்பிள்ளை முள்ளம்பன்றியின் வெள்ளைப் பல்

குட்டைக்கரையில் ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஒரு முயல் அருகம்புல் மென்றுகொண்டிருந்தது. அந்த முயலுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா புது மாப்பிள்ளை! பல்லெல்லாம் பழுத்த பூசணி நிறத்துல இருக்கு! எட்டு நாள்ல கல்யாணம். பொண்ணு பார்த்துட்டு ஓடிடப் போவுது!"

ஊசிமுத்து தண்ணீரில் தன் பல்லைப் பார்த்தது. நல்ல ஆரஞ்சு மஞ்சள்! முயலின் பல்லோ தும்பைப்பூவாகப் பளிச்சென்றது. ஊசிமுத்து சட்டென்று வாயை மூடிக்கொண்டது. முள்ளம்பன்றிக் கூட்டம் முழுக்க அதே நிறப் பல்தான். மணப்பெண் கூர்மணிக்கும் அதே நிறம்தான். கல்யாண பயத்தில் அதெல்லாம் நினைவுக்கு வந்தால்தானே!

நேராக மரங்கொத்தியிடம் ஓடியது. அந்தக் காட்டுக்குப் பல் வைத்தியர் மரங்கொத்திதான்.

"வாயைத் திற!" என்றது மரங்கொத்தி. ஒவ்வொரு பல்லையும் டொக் டொக் என்று தட்டிப் பார்த்தது.

"சொத்தை இல்லை. ஆட்டம் இல்லை. அழுக்கும் இல்லை. உங்க இனத்துப் பல்லோட நிறமே இதுதான். மேல இருக்குற இந்த மஞ்சள் ஓடுதான் பல்லுக்கு பலம். அதுல கை வைக்காதே. வீட்டுக்குப் போ!"

"மருந்து?"

"வேண்டாம்."

"கட்டணம்?"

"நான்தான் ஒண்ணும் செய்யலையே! எதுக்குக் கட்டணம்?"

ஊசிமுத்துவின் முகம் தொங்கிப்போனது. மருந்தும் கிடையாது, கட்டணமும் கிடையாது, இவரெல்லாம் ஒரு வைத்தியரா என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தது.

வழியில் கமகமவென்று வாசனை வந்தது. இலந்தைப் புதருக்கு அடியில் சுகந்தவல்லி என்ற புனுகுப்பூனை அழகு நிலையம் வைத்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! பல் வெளுப்பா? மூணு வகை இருக்கு. ஆத்து மணல் தேய்ப்பு, அஞ்சு வள்ளிக்கிழங்கு. எலுமிச்சைச் சாறு ஊறல், பத்துக் கிழங்கு. ரெண்டும் சேர்த்து மாப்பிள்ளை ஸ்பெஷல், இருபதே கிழங்கு! மீசைக்குப் புனுகு இலவசம்!"

இருபது கிழங்கு என்றதும் ஊசிமுத்துவுக்கு மரியாதை வந்துவிட்டது. இவ்வளவு கேட்கிறார்கள் என்றால் விஷயம் இல்லாமலா இருக்கும்?

"அம்மா, வலிக்குமா?"

"எனக்கா? கொஞ்சம்கூட வலிக்காது!"

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னது கிடையாது!"

"எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"நீங்கதான் முதல் ஆளு!"

இதைக் கேட்ட பிறகாவது எழுந்து ஓடியிருக்க வேண்டாமா? ஊசிமுத்து பெருமையாக வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தது. மூன்று நாள் மணல், மூன்று நாள் எலுமிச்சை. மஞ்சள் ஓடு முழுக்கக் கரைந்து, பல் வெள்ளைவெளேர் என்று ஆனது. காற்றுப் பட்டாலே பல் கூசியது.

"கூச்சமும் மாப்பிள்ளைக்கு ஒரு அழகுதான்!" என்று சொல்லி அனுப்பிவிட்டது சுகந்தவல்லி.

முள்ளம்பன்றிக் கல்யாணத்தில் தாலி கிடையாது. மாப்பிள்ளை சபை நடுவே ஒரு பனங்கொட்டையைக் கடித்துத் திறந்து, உள்ளே இருக்கும் பருப்பைப் பெண்ணுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டினால் கல்யாணம். இல்லாவிட்டால் வந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும்.

ஊசிமுத்து எல்லோரையும் பார்த்து வெள்ளையாகச் சிரித்தது. பிறகு பனங்கொட்டையை எடுத்துக் கடித்தது.

கடக்!

சபை ஆரவாரம் செய்தது. பார்த்தால், கொட்டை முழுசாக இருந்தது. பல் பாதியாக இருந்தது.

"ஐயோ! அம்மா!" என்று ஊசிமுத்து அலறிய அலறலில் உடம்பு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சித்தப்பாவும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தாய்மாமனும் ஆளுக்கு நாலு முள்ளோடு எழுந்து ஓடின.

"கொட்டை திறக்காதவனுக்குப் பொண்ணு இல்லை! நாளைக்குப் பட்டை உரிக்க, கிழங்கு தோண்ட என்ன செய்வான்?" என்று பெண்ணின் அப்பா கத்தியது.

கூர்மணி மெல்ல அருகில் வந்தது. "ஏன் இப்படிப் பண்ணினே?"

"பல்லைப் பார்த்துட்டு நீ ஓடிடுவியோன்னு..."

"என் பல்லும் அதே நிறம்தானே? அப்போ என்னையும் உனக்குப் பிடிக்கலையா?"

ஊசிமுத்துவுக்குப் பல்வலியைவிட அந்தக் கேள்வி அதிகமாக வலித்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

"பல்லு சரியானதும் வா. அப்புறம் பேசலாம்," என்றது கூர்மணி. கொட்டையை ஒரே கடியில் திறந்து, பருப்பைத் தானே தின்றுவிட்டு எழுந்து போனது.

ஊசிமுத்து வீங்கிய வாயோடு மரங்கொத்தியிடம் போய் நின்றது.

"பயப்படாதே. உங்க இனத்துக்குப் பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. கட்டணம் ரெண்டு கிழங்கு!"

"அன்னைக்கு வேண்டாம்னீங்களே?"

"அன்னைக்கு உனக்கு வியாதி இல்லையே!"

திரும்பும் வழியில் சுகந்தவல்லி மறித்தது. "வாங்க மாப்பிள்ளை! பல்லை மஞ்சளாக்கணுமா? அதுக்கும் ஸ்பெஷல் இருக்கு! முப்பதே கிழங்கு!"

ஊசிமுத்து திரும்பி நின்று முள்ளைச் சிலிர்த்துக் காட்டியது. புனுகுப்பூனை மரத்தின் உச்சாணிக்கிளைக்குப் போய்விட்டது.

இரண்டு மாதம் அத்திப்பழத்தை நசுக்கி நசுக்கி விழுங்கிய பிறகு, புதுப்பல் நல்ல மஞ்சளில் முளைத்து வந்தது. அன்று மாலையே ஊசிமுத்து ஓடிப்போய்க் கூர்மணி முன்னால் வாயைப் பிளந்து நின்றது. கூர்மணி உள்ளே எட்டிப் பார்த்து, "அழகா இருக்கு!" என்றது.

உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லும் வைத்தியரை நம்பாதவன், இல்லாத வியாதியை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறான்.