சூளை வச்ச ராசாவும் ஒச்சாயியும்

இந்தக் கதைய எங்கயாச்சும் தப்பாச் சொல்லிருவேனோன்னு பயமாத்தான் இருக்கு. முன்னது பின்னதா வந்துட்டாச் சிரிக்காதீங்க பிள்ளைங்களா. நடுவுல ஒரு இடத்துல நிறுத்துவேன், ஏன்னு மட்டும் கேக்கக் கூடாது.

ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஊராம். அந்த ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. இடி இடிச்சா பயம், இடிக்காம மழை பேஞ்சா அதுக்கும் பயம். புருசன் இல்லை. பூவாயின்னு ஒரே மக, பக்கத்து ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. யாரு வீடு கட்டினாலும் கோடையில ஏரி வத்தினதும் அதுக்குள்ள இறங்கித்தான் மண்ணு வெட்டணும். அதுல வைக்கோல் போட்டு மிதிச்சுக் குழைச்சு, ரெண்டு முழ அகலத்துக்குச் சுவர் வச்சு, மேல பனை ஓலை வேய்வாங்க. வீட்டுக்கு வீடும் ஆச்சு, ஏரிக்கு ஆழமும் ஆச்சு. வெளிய வெயில் கொளுத்தும், உள்ள போனா பானைத் தண்ணி மாதிரி குளுகுளுன்னு இருக்கும்.

ஒரு மாசி மாசம் ஒச்சாயி வீட்டுச் சுவத்துல குளவி கூடு கட்டுச்சு. குளவி கூடு கட்டுனா பிள்ளை பொறக்கும்னு சொல்லுவாங்கல்ல, அதே மாதிரி பூவாயி தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தா. ஒச்சாயிக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. பிள்ளை நல்லபடியாப் பொறந்து பிழைக்கணுமேன்னு அதே நெனப்பு.

அந்த நேரம் பார்த்து அந்த நாட்டு ராசா, அரண்மனைக்குச் செம்புத் தகட்டுல கூரை போட்டுட்டு, ஏழாவது மாடியில ஏறி ஊரைப் பார்த்தான். "என்னது இது, எலி வளை மாதிரி! சித்திரைக்குள்ள எல்லாரும் சுட்ட செங்கல்லுல கட்டி, மேல கருங்கல் பலகை போடணும்"னு உத்தரவு போட்டுட்டான்.

முதல்ல சேவகன் வந்தான். "ஏ பொம்பளை, வீட்டை இடி"ன்னான். "மக பிள்ளைத்தாச்சியா இருக்கா சாமி"ன்னா. போயிட்டான். அப்புறம் மந்திரி வந்தாரு. "ஏம்மா, வசதியா வாழச் சொன்னா கசக்குதா? மண்ணுக்குள்ளயே கிடக்க நீ என்ன மண்புழுவா?"ன்னாரு. கூட வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. "குளவி கூடு கட்டியிருக்குங்க, கலைக்கக் கூடாதுங்க"ன்னா. அவரும் போயிட்டாரு. அப்புறம் ராசாவே வந்துட்டான். "நாளைக்கு மாடியில நின்னு பார்ப்பேன். இந்தக் கூரை என் கண்ணுல படக் கூடாது"ன்னான். ஒச்சாயி வாயில இருந்து "சரிங்க ராசா"ன்னு வந்துருச்சு.

ராசா போனதும் குளவி பேசுச்சு. "அக்கா, அக்கா, செங்கல்லு சுடணும்னா சூளைக்கு மரம் வேணும். ஏரிக்கரை மரம் அம்புட்டும் போயிரும். உன் பேரப்பிள்ளைக்கு நிழல் எங்க?"

"ராசாவை நெனச்சா கை நடுங்குதே, நான் என்ன செய்வேன்?"

"நடுங்கட்டும்க்கா. கடப்பாரையை மட்டும் தொடாத."

கேக்கலையே அவ! தன் கையாலயே இடிச்சா. கூடும் சுவரோட விழுந்துச்சு. குளவி பறந்தே போயிருச்சு.

அப்புறம் ஊர் முழுக்கச் சூளை வச்சாங்க. புளிய மரம் போச்சு, மருத மரம் போச்சு, ஆல மரமும் போச்சு. செங்கல்லுக்கு வயக்காட்டு மண்ணை எடுத்தாங்க, ஏரிக்குள்ள யாரும் மண்ணு வெட்டலை, அது தூந்துபோயிக் கிடந்துச்சு.

சித்திரை வந்துச்சு. புதுசாக் கட்டுன செங்கல்லு வீட்டுல பூவாயிக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. மேல கருங்கல்லு காயுது, நாலு பக்கமும் செங்கல்லு காயுது, பொழுது அடைஞ்சாலும் ஆறலை. வெளிய தூக்கிட்டுப் போகலாம்னா ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஈரத் துணியை விரிச்சா விரிச்ச கையோட காஞ்சுபோகுது. முதல் நாள் பிள்ளை வீல்னு அழுதுச்சு. ரெண்டாம் நாள் முனகுச்சு. மூணாம் நாள்...

இந்த இடந்தான். கேக்காதீங்க.

பூவாயி, "ஏம்மா, அந்த வீட்டை ஏன் இடிச்ச?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. அப்புறம் கேக்கவே இல்லை. அவ கேக்காததுதான் ஒச்சாயிக்குத் தாங்கலை. மண்வெட்டியை எடுத்துக்கிட்டு ஏரிக்குள்ள இறங்கிட்டா. "ராசா பார்த்துருவான்டி!"ன்னு ஊரே கத்துச்சு. "பார்க்கட்டும்"னா. ஊத்து தோண்டித் தண்ணி எடுத்து, தாயும் மகளுமா அழுதுக்கிட்டே மண்ணு மிதிச்சு, அழுதுக்கிட்டே சுவர் வச்சு, வைகாசி பாதியில ஓலையும் போட்டுட்டாங்க.

அங்க அரண்மனைச் செம்புக் கூரை அடுப்புல வச்ச தோசைக்கல்லாக் காஞ்சுச்சு. ராணி பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. மந்திரி ஓடிட்டாரு, சேவகனும் ஓடிட்டான். ராசா தனியா நிழல் தேடி நடந்தான். புளிய மரத்தடிக்குப் போனான், அடிக்கட்டைதான் இருந்துச்சு. மருத மரத்தடிக்குப் போனான், அடிக்கட்டைதான். ஆல மரத்தடிக்குப் போனான், அங்கயும் அடிக்கட்டைதான். கால் கொப்புளிச்சுப்போயி, உச்சி வெயில்ல ஒச்சாயி வாசல்ல வந்து நின்னான்.

"தாயி, ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்."

ஒச்சாயி சொம்பு நிறையத் தண்ணி கொடுத்தா. குடிச்சுட்டு, "உள்ள வரட்டுமா?"ன்னான்.

"வேணாங்க ராசா. உள்ள வந்து உடம்பு ஆறிட்டா, நாளைக்கு மறுபடி மாடி ஏறுவீங்க. அப்புறம் இந்தக் கூரை கண்ணுல படும். நான் பயந்த சுபாவங்க. ஏரிக்குள்ள மண்ணு கிடக்கு. போயி மிதிங்க."

மரத்தை எரிச்சு வீடு கட்டச் சொன்னவனுக்கு நிக்க நிழல் இல்லை. அம்புட்டுத்தான் கதை. அவன் எங்க போனான்னு எனக்குத் தெரியாது, அவளும் எட்டிப் பார்க்கலை. கதவைச் சாத்தினா, தாழ்ப்பாளைப் போட்டா, அதுவும் பத்தாதுன்னு ஆட்டுக்கல்லை உருட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்துட்டு, மக பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டா.