பானை பேச்சை விட்ட கதை

கல்லுக்கும் மண்ணுக்கும்கூட வாய் இருந்த அந்தக் காலத்தில், பானை வாங்கப் போகிறவர்கள் பானையிடமே குறை நிறை கேட்பார்கள். "கழுத்தோரம் எனக்கு வேக்காடு போதாது. தண்ணீருக்கு ஆகமாட்டேன், தானியம் போட்டு வை" என்று அதுவும் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குவிரன் என்றொரு குயவன் இருந்தான். அவன் வனைந்த பானை உடைந்தது என்று ஒருவரும் அவன் வாசலில் வந்து நின்றதில்லை. அந்தப் பெயர் அவனுக்குச் சோற்றைவிடப் பெரிது.

செள்ளை என்ற உப்பு வணிகப் பெண் அவனிடம் தண்ணீர் கொண்டுபோக ஒரு பெரிய சால் செய்யச் சொல்லியிருந்தாள். கணவனை இழந்தவள். தன் சின்ன மகளை உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்த்தி, மயிலை, செவலை என்ற இரண்டு காளைகளைப் பூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய்வருவாள். நடுவே ஒரு நீண்ட பொட்டல். கையோடு கொண்டுபோகும் தண்ணீர்தான் அங்கே உயிர்.

"முழுநிலாவுக்கு வா தங்கச்சி. சால் தயாராக இருக்கும்" என்று குவிரன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் வானம் மூடிக்கிடந்தது. சுடாத பச்சைப் பானைகள் காயவில்லை. அவற்றின் அடிமண்ணில் ஈரம் இருப்பது அவன் விரலுக்குத் தெரிந்தது. செள்ளை வண்டியோடு வந்து ஆற்றங்கரையில் இறங்கியபோது, "இன்னும் நாளாகும்" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குவிரன் வாக்குத் தவறினான் என்று ஊர் பேசுமே! அன்றே சூளைக்குத் தீ வைத்தான்.

உள்ளே படார் படார் என்று பானைகள் வெடித்தன. சூளையைப் பிரித்தபோது எல்லாம் ஓடு. அந்தச் சால் மட்டும் முழுசாக, சிவக்கச் சிவக்க நின்றது. குவிரனுக்கு மூச்சு வந்தது.

"அப்பா, என் வயிற்றில் ஒரு விரிசல் ஓடுகிறது. உன் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது" என்றது சால்.

குவிரன் அதைத் தடவிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் சாலின் வாயருகே குனிந்தான்.

"அவள் கேட்டால் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடு."

"நான் எங்கே போகப்போகிறேன் அப்பா?"

"பொட்டல் வழியாக, மலைநாட்டுக்கு."

"வழியில் வேறு தண்ணீர் உண்டா?"

குவிரன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "என் மானம் உன் வாயில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னான்.

செள்ளை வந்து சாலின் விளிம்பில் கைவைத்து, "உனக்குக் குறை ஏதும் உண்டா?" என்று கேட்டாள்.

 "இல்லை தாயே" என்றது சால்.

செள்ளை மகிழ்ந்துபோனாள். "கை என்றால் உன் கைதான் அண்ணே" என்று ஒரு மரக்கால் உப்பை அளந்து வைத்துவிட்டுப் போனாள். வண்டியின் பின்னாலிருந்து அந்தச் சின்னப்பெண் அவனுக்குக் கையசைத்தாள். அவனால் திருப்பிக் கையசைக்க முடியவில்லை.

மறுநாள் வெயில் நெருப்பாகக் காய்ந்தது. குவிரனுக்கு நிழலில்கூட இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தோல்பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வண்டித்தடம் பார்த்து ஓடினான்.

பொட்டலின் நடுவே சாலின் ஓடுகள் சிதறிக் கிடந்தன. மண்ணில் ஈரத்தின் சுவடுகூட இல்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. மயிலை கீழே விழுந்து கிடந்தது. குழந்தை வண்டி நிழலில் வாடித் துவண்டிருந்தாள். குவிரன் முதலில் அவள் வாயில் தண்ணீரை விட்டான். பிறகு செள்ளைக்குக் கொடுத்தான். மயிலையின் வாயருகே கொண்டுபோனபோது அது தலையைத் திருப்பிக்கொண்டது.

"எனக்கு வேண்டாம். செவலைக்குக் கொடு. அது இழுத்தாக வேண்டும்" என்றது. அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு.

செள்ளை மயிலையின் நெற்றியைத் தடவியபடி அழுதாள். "நான் கேட்டேனே அண்ணே! குறை இல்லை என்று அந்தச் சால் சொன்னதே! பானைகூடப் பொய் சொல்லுமா?"

சும்மா இருந்தால் பழி சாலோடு போய்விடும். குவிரன் தோல்பையைக் கீழே வைத்தான்.

"சால் பொய் சொல்லவில்லை. நான் சொல்லவைத்தேன்" என்றான்.

செள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. மகளை மட்டும் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அவனுக்குத் தேவலை.

மயிலையின் நுகத்தைக் குவிரன் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். செவலையின் பக்கத்தில் நின்று, பொட்டலுக்கு அப்பால் இருந்த கிணறுவரை வண்டியை இழுத்தான். தோள் உரிந்து ரத்தம் வந்தது. 

ஊர் திரும்பி, புதிதாகப் பானைகள் வனைந்து, நிழலில் நன்றாகக் காயவைத்துச் சுட்டான். சூளையைப் பிரித்து, "உங்களுக்குக் குறை உண்டா?" என்று கேட்டான். ஒரு பானையும் வாய் திறக்கவில்லை. பக்கத்து ஊர்க் குயவர்களின் பானைகளும் ஊமையாகிவிட்டிருந்தன. இனத்தில் ஒன்று பொய் சொன்ன வெட்கம் எல்லாவற்றின் வாயையும் அடைத்துவிட்டது.

"என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்" என்று அழுதான். கோபித்துக்கொண்ட உறவுக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஒரு பானையை விரல்முட்டியால் தட்டினான். கணீர் என்றது. அடுத்ததைத் தட்டினான். அதுவும் கணீர். மூன்றாவது பானை மட்டும் தொப் என்று செத்த ஒலி கொடுத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அடியில் மயிரிழைபோல ஒரு விரிசல். வாய் பேசாவிட்டாலும் உடம்பு உண்மையைச் சொல்லிவிட்டது. அந்தப் பானையைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டான்.

பிறகு யார் வந்தாலும், "என் பேச்சை நம்பாதீர்கள். தட்டிப் பாருங்கள்" என்றான்.

ஒருநாள் செள்ளையும் வந்தாள். குவிரன் தலை நிமிரவில்லை. அவள் ஒரு சாலைச் சுற்றிவந்து ஒவ்வொரு பக்கமும் தட்டினாள். உப்பை அளந்து வைத்தாள். "அண்ணே" என்று கூப்பிடவில்லை. சாலை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த வழக்கம். பானை வாங்குகிறவர்கள் இன்றும் விரல்முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். அவர்கள் தட்டி முடிக்கும்வரை, விற்கிறவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான்.